கிளைக் கூட்டத்துக்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டு

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு மாநிலக் கட்சியில் அவரை ஊராட்சிக்குக் கிளைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு கூட்டம் நடத்து என்று மேலிருந்து உத்தரவு. எப்படி நடத்துவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கிளையிலிருந்து பொதுக்குழு வரை கட்சி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, செயற்குழுவுக்கும் பொதுக்குழுவுக்கும் என்ன வித்தியாசம், கூட்டச் செலவு யார் தலையில் விழும் என்பதும் அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். 200 பக்கம், கோடு போட்டது, கெட்டி அட்டை. கொடி, பேனர், மைக்செட் எல்லாம் அப்புறம்.

நான் ஒரு மாவட்டக் கட்சி அலுவலகத்தில் 18 வருடம் மினிட் நோட்டு, அதாவது கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் நோட்டு, எழுதியவன். மேடையேறிப் பேசியதில்லை. மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கியவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. எந்தக் கட்சியில் சண்டை வந்தாலும் அது கடைசியில் நாலு கேள்வியில் வந்து நிற்கும்: பட்டியலில் யார் பெயர் இருந்தது, கூட்டத்தை யார் கூட்டினார், எத்தனை நாள் முன்பு சொன்னார், வந்தவர் கையெழுத்துப் போட்டாரா. இந்த நாலுக்கும் பதில் இருக்கிற இடம் அந்த நோட்டுதான்.

அடுக்கைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் கிளை, அதற்கு மேல் ஒன்றியம். பேரூராட்சி என்றால் பேரூர், நகராட்சி என்றால் நகரம். மாநகராட்சியில் வார்டுக்கு ஒரு வட்டம், பல வட்டங்கள் சேர்ந்தால் ஒரு பகுதி. சென்னையில் 200 வார்டு, ஆகவே 200 வட்டம். இதற்கெல்லாம் மேலே மாவட்டம், அதற்கும் மேலே தலைமைக் கழகம். திமுகவிலும் அதிமுகவிலும் ஏறக்குறைய ஒரே ஏணிதான். பின்னால் வந்த கட்சிகளும் பெயரை இங்கங்கே மாற்றிக்கொண்டு அதையே எடுத்துக்கொண்டன. கிளையில் அவைத் தலைவர், செயலாளர், பொருளாளர், துணைச் செயலாளர்கள், ஒன்றியத்துக்கு அனுப்பும் பிரதிநிதிகள் இருப்பார்கள்.

இதில் அவைத் தலைவர் பெரும்பாலும் ஊரில் மூத்தவர். மாலை அவருக்கு, அலைச்சல் செயலாளருக்கு. இது ஏன் இப்படி என்று நான் யோசித்ததுண்டு. 1949இல் திமுக தொடங்கியபோது தலைவர் நாற்காலி பெரியாருக்கு என்று காலியாக விடப்பட்டது, அண்ணா பொதுச்செயலாளரானார். அவர் மறைந்த பிறகு 1969இல்தான் அங்கே தலைவர் பதவி வந்து கருணாநிதி உட்கார்ந்தார். 1972இல் எம்ஜிஆர் தொடங்கிய அதிமுகவிலும் உச்சப் பதவி பொதுச்செயலாளர்தான். மேலே இருந்த பழக்கம் அப்படியே கிளை வரை இறங்கியிருக்கலாம் என்பது என் கணிப்பு. எப்படியோ, வேலை உங்களுடையது.

ஏணி இவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1920இல் நாக்பூர் காங்கிரஸில் காந்தி கொண்டுவந்த அமைப்பு விதிகள்தான் நாலணா சந்தாவில் யாரும் உறுப்பினர் ஆகலாம் என்றன. மாகாணக் கமிட்டிகளை மொழிவாரியாகப் பிரித்ததும் அவைதான். மொழிவாரி மாநிலம் வருவதற்கு 36 வருடம் முன்பே தமிழ்நாட்டுக்குத் தனிக் காங்கிரஸ் கமிட்டி இருந்தது இப்படித்தான். காமராஜர் 1940இல் அதன் தலைவரானவர், 1954இல் முதலமைச்சராகும் காலம் வரை அந்தப் பிடியை விடவில்லை. தாலுகா தாலுகாவாக ஆள் தெரிந்து வைத்திருந்ததுதான் அவர் பலம்.

மாவட்டம் என்ற சொல்லில் ஒரு குழப்பம் வரும். அரசாங்கக் கணக்கில் 38 மாவட்டம். கட்சிக் கணக்கில் திமுகவிலும் அதிமுகவிலும் 70க்கு மேல். 2024இல் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகம் 120ஆகப் பிரித்துக்கொண்டது. இரண்டு மூன்று சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு மாவட்டச் செயலாளர் இருந்தால் வேலை நடக்கும் என்பது வெளியில் சொல்கிற காரணம். ஒரே ஊரில் இரண்டு பெரிய ஆட்கள் முட்டிக்கொண்டால் வடக்கு, தெற்கு என்று ஆளுக்கொன்று கொடுத்துச் சமாதானம் செய்வது வெளியில் சொல்லாத காரணம். ஒன்றியத்தையும் கிழக்கு, மேற்கு, மத்தியம் என்று வெட்டுவதும் அதற்காகத்தான். சாதிக் கணக்கும் அதில் இருக்கும். உங்களுக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கிளை எந்த ஒன்றியச் செயலாளரின் கீழ் வருகிறது என்பதைக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி இரண்டு ஒ.செ.க்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கிளைச் செயலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பட்டியல். கட்சி உங்களுக்கு ஓர் உறுப்பினர் பட்டியல் கொடுக்கும், அல்லது படிவக் கட்டைக் கொடுத்து நிரப்பச் சொல்லும். இங்கேதான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்கிறது. மேலே எத்தனை பிரதிநிதி, அடுத்த அமைப்புத் தேர்தலில், அதாவது உட்கட்சித் தேர்தலில், யாருக்கு எத்தனை ஆதரவு என்பதெல்லாம் உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால் ஆளைச் சேர்ப்பதற்குப் பதில் பெயரைச் சேர்ப்பார்கள். ஒரு உறுப்பினர் புதுப்பிப்பின்போது எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கட்டில் முந்நூற்றுச் சொச்சம் படிவம். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக எழுதியிருந்தார்கள். அதில் ஒருவருடைய கருமாதிக்கு நானே போய் வந்திருந்தேன். கட்டைத் திருப்பி அனுப்பலாம் என்றேன். "ஏன்யா, நம்ம எண்ணிக்கை குறைஞ்சா பக்கத்து ஒன்றியம் சிரிக்கும்" என்றார் பொறுப்பில் இருந்தவர். கட்டு மேலே போனது. பதிவேட்டில் ஏற்றியது நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். தேர்தல் நாளன்று அந்த ஊரில் சாவடிக்கு உட்கார ஆள் கிடைக்காமல் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையனை வண்டியில் கூட்டிவந்தோம்.

ஆகவே நீங்கள் உங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் முதல் 20 பக்கத்தை அதற்கு ஒதுக்குங்கள். பெயர், தெரு, வாக்காளர் பட்டியல் பாகம் எண், தொடர் எண், கைப்பேசி எண், கடைசியாக எந்தக் கூட்டத்துக்கு வந்தார். இந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், அட்டையில் 240 பேர் இருந்தால் கட்சியில் 35 பேர் இருக்கிறார்கள் என்று. அந்த 35 பேரை வைத்துத்தான் எதையும் செய்ய முடியும். இப்போது செயலி மூலம் உறுப்பினர் சேர்க்கிறார்கள். 2025இல் திமுக 'ஓரணியில் தமிழ்நாடு' என்று வீடு வீடாகப் போனபோது, கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்பது பற்றி வழக்கு வந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஆதார் நகல், ஓடிபி என்று கேட்டு வாசலில் நிற்காதீர்கள். அவர் விருப்பப்பட்டுச் சொல்கிற கைப்பேசி எண் போதும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம்.

நாள் குறிக்கும்போது காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாள் வேண்டாம், அமாவாசை வேண்டாம், பக்கத்து ஊர்த் திருவிழா வேண்டாம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்பதுபோல ஒரு நாளை நிலையாக வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். நேரம், சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்களைக் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் இரவு ஏழு சரியாக வரும். எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். ஒன்பதுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறவர்கள் கூட்டத்துக்காக உட்கார்ந்திருப்பதில்லை.

இடம்தான் பெரிய விஷயம். உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். வைத்தால் அது உங்கள் கட்சி ஆகிவிடும், பங்காளிச் சண்டைக்காரன் வாசல் மிதிக்க மாட்டான். கோயில் மண்டபமும் வேண்டாம். ஊருக்குள் ஏதாவது திண்ணையில் வைத்தால் காலனியிலிருந்து வருகிறவர் ஓரமாக நின்றுவிட்டுப் போவார், யாரும் அவரை நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் நிற்பார். எல்லோரும் கூச்சமில்லாமல் உட்காரக்கூடிய இடம் உங்கள் ஊரில் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் காலனியில் என்று மாற்றி வைத்த ஒரு கிளையை எனக்குத் தெரியும். முதல் தடவை ஏழு பேர்தான் வந்தார்கள். அந்தச் செயலாளர் அந்த முறையை விடவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு எங்கள் ஒன்றியத்தில் கூட்டம் நிரம்புகிற கிளை அதுதான். முன்பு படிப்பகம் என்று ஒன்று இருக்கும், நாலு பத்திரிகை, ஒரு பெஞ்ச். கூட்டம் அங்கேயே நடக்கும். அது போனது ஓர் இழப்புதான். கொடிக்கம்பத்தடியும் இனிக் கஷ்டம். பொது இடங்களில் இருக்கும் கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது.

பொருள் மூன்றுக்கு மேல் வேண்டாம். போன மாதம் எழுதியதை வாசிப்பது முதலாவது. இதை விட்டுவிடாதீர்கள். "தெருவிளக்குக்கு மனு கொடுப்பது என்று முடிவு, பொறுப்பு இன்னார்" என்று போன மாதம் எழுதியிருந்தால், அதை உரக்க வாசித்ததும் இன்னார் தலையைச் சொறிவார். அடுத்த மாதம் மனு போயிருக்கும். இரண்டாவது, ஊர்ப் பிரச்னை: தண்ணீர், ரேஷன், முதியோர் உதவித்தொகை, பட்டா. கட்சிக்காரனிடம் ஜனங்கள் வருவது இதற்குத்தான். மூன்றாவது, மேலிருந்து வந்த வேலை. பல கிளைகளில் இந்த மூன்றாவது மட்டும்தான் நடக்கும். ஒன்றியச் செயலாளர் வந்து அரைமணி நேரம் தலைமையைப் புகழ்வார், கூட்டம் கலையும். அதைக் கூட்டம் என்று நோட்டில் எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

பெண்கள் விஷயம். மகளிரணிப் பொறுப்பாளர் பெயர் நோட்டில் இருக்கும், கூட்டத்துக்கு அவர் வீட்டுக்காரர் வருவார். இது எல்லாக் கட்சியிலும் உண்டு. ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் ஊர் சுய உதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதிப் பழகிய அக்கா யாராவது கட்சி அனுதாபியாக இருப்பார். மினிட் நோட்டை அவரிடம் கொடுங்கள். வாராவாரம் கூட்டம் போட்டு, வந்தவர் வராதவர் எழுதி, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, வங்கிக்குக் காட்டுகிறவர்கள் அவர்கள். நம் மாவட்ட நிர்வாகிகள் பலருக்குத் தெரியாத வேலை அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோட்டு அவர் கையில் இருந்தால் அவர் வராமல் கூட்டம் தொடங்காது.

அடுத்தது பூத், அதாவது வாக்குச்சாவடி. கிளை என்பது ஊர்க்கணக்கு, பூத் என்பது தேர்தல் கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்காது. உங்கள் ஊராட்சியில் இரண்டு மூன்று சாவடி இருக்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 68,000க்கு மேற்பட்ட சாவடிகள். இப்போது ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்பது உச்ச வரம்பு. ஒவ்வொன்றுக்கும் கட்சி சார்பில் ஒரு பாக முகவரை, அதாவது அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவரை, எழுத்தில் நியமிக்கலாம், பிஎல்ஏ-2 என்பார்கள். புதுப் பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, திருத்தவும் இடம் மாற்றவும் 8. இது தெரியாத ஆளை முகவராகப் போட்டால் பெயர்ப்பலகைதான் மிச்சம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது பார்த்தோமே, பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தெரிந்து வைத்திருந்த கிளைகள் வீடு வீடாகப் போய்ப் படிவம் வாங்கின. மற்றவை மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டன.

வாக்குப்பதிவு நாளில் சாவடிக்குள் உட்காருகிறவர் வேறு. அவருக்குப் படிவம் 10இல் வேட்பாளரோ அவருடைய முகவரோ கையெழுத்திட்டுத் தர வேண்டும். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 ஓட்டாவது போட்டுப் பார்த்து அழிப்பார்கள். ஏழு மணி ஓட்டுக்கு ஐந்தரைக்கே அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் முடிந்ததும் பதிவான ஓட்டுக் கணக்கு, படிவம் 17சி, அதன் நகலை வாங்காமல் எழுந்து வரக்கூடாது. பசி என்று நாலு மணிக்கே கிளம்பிவிடுகிற முகவர்களால் எத்தனை கட்சிகள் எண்ணிக்கை நாளில் கையைப் பிசைந்திருக்கின்றன! சாப்பாட்டை உள்ளே அனுப்ப ஏற்பாடு செய்வது உங்கள் வேலை.

ஒன்றிய அளவில் நடப்பது செயல்வீரர்கள் கூட்டம். அங்கே உங்களுக்கு அதிகம் வேலை இல்லை, வண்டி வைத்து ஆளைக் கூட்டிப்போவதைத் தவிர. ஆனால் ஏற்பாட்டுப் பொறுப்பு தலையில் விழுந்தால் மூன்று கண்ணிகளைக் கவனியுங்கள். அழைப்பிதழில் பெயர் வரிசை ஒன்று. யார் பெயர் யாருக்குக் கீழே வந்தது என்பதற்காக அச்சடித்த 2,000 நோட்டீசைக் கிழித்துப் போட்டு மறுபடி அடித்த நாள் உண்டு. தலைமைக்கு அனுப்பியிருக்கும் நிர்வாகிகள் பட்டியலின் வரிசையையே அப்படியே போட்டுவிட்டால், கேட்கிறவருக்குக் காட்டக் காகிதம் இருக்கும். மேடை நாற்காலி இன்னொன்று. பத்து நாற்காலி போட்டு நாற்பது பேரை அழைக்காதீர்கள். மூன்றாவது நேரம். தலைவர் நாலு மணிக்கு வருவார் என்று நோட்டீஸ் அடித்து இரவு எட்டுக்கு வந்தால், நடுவில் வெயிலில் நிற்கிறவனுக்குத் தண்ணீர் யார் கொடுப்பது? 2025 செப்டம்பரில் கரூரில் 41 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். அதற்கு அப்புறமும் நேரம், தண்ணீர், வெளியேறும் வழி பற்றி யோசிக்காமல் கூட்டம் சேர்க்கிறவரை நான் மதிக்க மாட்டேன். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதி அனுமதி வாங்குங்கள். இரவு பத்துக்கு மேல் மைக் கூடாது.

இப்போது நீங்கள் கேட்ட செயற்குழு, பொதுக்குழு. பொதுக்குழு என்பது கட்சியின் சட்டமன்றம் மாதிரி. மாவட்டங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டும் நியமிக்கப்பட்டும் வந்த உறுப்பினர்கள், தலைமை நிர்வாகிகள், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் எல்லோரும் உட்காருவது. அதிமுகவில் 2022 சண்டையின்போது அந்த எண்ணிக்கை 2,600க்கு மேல். விதியைத் திருத்துவது, உச்சப் பதவிகளைத் தீர்மானிப்பது, கட்சியின் பெரிய முடிவுகளுக்கு ஒப்புதல் தருவது எல்லாம் இங்கே. செயற்குழு அதைவிடச் சிறியது. இரண்டு பொதுக்குழுவுக்கு இடையில் முடிவெடுப்பதற்கு. இரண்டையும் விடச் சிறியதாக, தலைவர் கூப்பிட்டால் மறுநாள் வந்து நிற்கும் மாவட்டச் செயலாளர்கள் கூட்டம் ஒன்று உண்டு. விதிப் புத்தகத்தில் எப்படியோ, நடைமுறையில் கட்சி நடப்பது அந்த அறையில்தான். 2022 ஜூலையில் அதிமுக பொதுச்செயலாளர் தேர்தலுக்கு விதியைத் திருத்தியபோது, போட்டியிடுகிறவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிந்து பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்று எழுதினார்கள். பழைய விதியில் அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிற பதவி அது. இப்போதும் ஓட்டு அவர்களுடையதுதான். யார் போட்டியிடலாம் என்ற கதவு மட்டும் மா.செ.க்கள் கையில்.

உறுப்பினரைக் கேட்டு முடிவெடுத்ததே இல்லையா என்றால், உண்டு. 1956இல் திருச்சியில் நடந்த திமுக மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று பெட்டி வைத்து ஓட்டு எடுத்தார்கள். 56,000 பேருக்கு மேல் நிற்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். மறுவருடமே 15 பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். அந்த அளவுக்கு ஒரு கேள்வியை அடிமட்டத்திடம் நேராகக் கேட்ட கட்சி அதற்கப்புறம் எனக்கு நினைவில் இல்லை. இன்று பொதுக்குழுவில் தீர்மானத்தை வாசித்ததும் கைதட்டல் வரும், அதையே ஏகமனதாக என்று எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன்.

கைதட்டல் வராத நாளில்தான் நோட்டின் அருமை தெரியும். 2022 ஜூன் 23 அன்று வானகரத்தில் அதிமுக பொதுக்குழு. ஏற்கனவே தயாரித்த 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் முடிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் விடிகாலையில் உத்தரவு போட்டது. கூட்டத்தில் அந்த 23ஐயும் நிராகரித்துவிட்டார்கள்! அடுத்த பொதுக்குழு ஜூலை 11 என்று அறிவிப்பும் வந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் நீதிமன்றங்களில் நடந்த வாதத்தைப் படித்துப் பாருங்கள். கொள்கை பற்றி ஒரு வரி இருக்காது. ஒருங்கிணைப்பாளர் ஓ.பன்னீர்செல்வமும் இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமியும் சேர்ந்துதான் கூட்ட வேண்டுமா, தலைமைக் கழக நிர்வாகிகள் கூட்டியது செல்லுமா, 15 நாள் முன்னறிவிப்பு முறையாகக் கொடுக்கப்பட்டதா, ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் கேட்டால் கூட்டியாக வேண்டுமே, யார் கேட்டார்கள்? ஆகஸ்டில் தனி நீதிபதி ஜூலை 11 கூட்டம் செல்லாது என்றார், செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது, 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. எடப்பாடி பழனிசாமி பொதுச்செயலாளரானார். ஓபிஎஸ் வெளியே. ஒரு நோட்டீசும் ஒரு கையெழுத்துப் பட்டியலும்தான் இந்த வழக்கின் முழு உடம்பு.

சின்னத்துக்கான சண்டையும் அப்படித்தான். 1969 காங்கிரஸ் பிளவு வழக்கில், அமைப்பிலும் சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களிலும் யாருக்குப் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்க்கிற வழியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து பிளவு என்றால் தலை எண்ணுவதுதான். 1993இல் வைகோ திமுகவிலிருந்து நீக்கப்பட்டபோது ஒன்பது மாவட்டச் செயலாளர்கள் அவர் பின்னால் போனார்கள். ஒன்பது என்பது சின்ன எண்ணிக்கை இல்லை, ஆனாலும் உதயசூரியன் கருணாநிதியிடமே நின்றது. 1994 மே மாதம் மதிமுக பிறந்தது. 2017இல் இரட்டை இலை முடக்கப்பட்டபோது இரண்டு பக்கமும் பிரமாணப் பத்திரங்களைக் கட்டுக்கட்டாக டெல்லிக்குக் கொண்டுபோனதைப் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் பாமகவில் எட்டு நாள் இடைவெளியில் அன்புமணி மாமல்லபுரத்தில் ஒரு பொதுக்குழு, ராமதாஸ் பட்டானூரில் ஒரு பொதுக்குழு. இது மாதிரி வேளையில் உங்கள் ஊர் வரைக்கும் ஆள் வரும், வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் போடாதீர்கள். போட்டால் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமைப்புத் தேர்தல் பற்றியும் ஒரு வார்த்தை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவில் பதிவான கட்சிகள் ஐந்து வருடத்துக்குள் ஒருமுறையாவது உட்கட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்று தேர்தல் ஆணையம் எதிர்பார்க்கிறது. நடத்தாத கட்சியின் பதிவை அதற்காக ரத்து செய்யும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தேர்தல் நடக்கும், முடிவு பெரும்பாலும் முதல் நாளே தெரிந்திருக்கும், பத்திரிகையில் போட்டியின்றித் தேர்வு என்று வரும். கம்யூனிஸ்ட் கட்சிகளில் கொஞ்சம் வித்தியாசம். மார்க்சிஸ்ட் கட்சியில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிளை மாநாட்டில் தொடங்கி இடைக்குழு, மாவட்டம், மாநிலம் என்று ஏறி அகில இந்திய மாநாட்டில் முடியும். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்தது அதன் 24ஆவது மாநாடு. செயலாளர் வேலை அறிக்கை வைப்பார், கிளை உறுப்பினர் எழுந்து குறை சொல்லலாம். அவர்களுக்கு ஓட்டு குறைவு, ஆனால் நோட்டு ஒழுங்காக இருக்கும். மற்றவர்களுக்கு நேர் எதிர். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

கடைசியாகச் செலவு. 35 பேருக்கு டீ, வடை, வாடகைப் பாய், ஒரு ட்யூப்லைட். முதல் கூட்டத்துக்கு அது உங்கள் தலையில்தான், வேறு வழியில்லை. இரண்டாவது கூட்டத்திலிருந்து நோட்டைத் திருப்பி வைத்துக் கடைசிப் பக்கத்தில் வரவு செலவு எழுதுங்கள், பொருளாளர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் கையெழுத்தோடு. ஆளுக்குப் பத்து இருபது என்று வாங்கினாலே டீச்செலவு அடைந்துவிடும். ஒன்றியச் செயலாளர் "நான் பார்த்துக்கறேன் தம்பி" என்று ஐந்நூறு நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அவர் பெயரைப் போட்டு வரவில் எழுதி, அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்துவிடுங்கள். அதற்கப்புறம் அவர் கொடுப்பாரா என்பது அவர் பாடு.